அம்மாவின் இடத்தில் கஸ்தூரி ஸ்வாமி

அத்தியாயம் 14

ஸ்ரீரங்கத்தில் தேதிக் காலண்டர் ஒன்று சொல்லும், கோயில் பஞ்சாங்கம் ஒன்று சொல்லும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் ஒரு காரியத்துக்கு நாள் குறிப்பவர்கள் காவிரிக்கு அக்கரையில் இருக்க வேண்டியவர்கள். வேதவதி இக்கரையில் பிறந்து இருபத்திரண்டு வயது வரை இக்கரையிலேயே வளர்ந்தவள். அப்படியும் அந்தத் தப்பைச் செய்துவிட்டாள்.

காலண்டர் தாளில் வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து திரயோதசி என்று போட்டிருந்தது. அம்மா ரங்கம்மாவின் முதல் வருஷ சிராத்தம் வெள்ளியோடு முடிந்துவிடும் என்று நம்பி, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வருவதாகப் பொன்மலைக்குச் சொல்லியனுப்பினாள். வியாழக்கிழமை அப்பா வீரராகவன் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். பிற்பகலில் எந்தத் திதி இருக்கிறதோ அதுதான் சிராத்தத்துக்குச் செல்லும். வெள்ளி பிற்பகலில் துவாதசிதான் இருந்தது. "சனிக்கிழமை" என்றார். போன வாரம் கதை அங்கே நின்றது.

பொன்மலை ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் 'கோல்டன் ராக்கர்ஸ்' என்று நாலு பேர் கொண்ட ஒரு வாத்தியக் கோஷ்டி இருக்கிறது. வேதவதி அதில் கிடார் வாசிப்பவள். ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டோரீன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சிநேகிதியிடம் கற்றுக்கொண்ட வித்தை. அந்த டோரீன் அடுத்த மாதம் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறுகிறாள். அவள் போனால் கோஷ்டி கலைந்துவிடும். அதற்குள் சென்னை இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர், இவர்கள் போட்ட ஏழாவது கடிதத்துக்கு இரங்கி, கேட்டுப் பார்க்க வருகிறார். சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கேட்டுவிட்டு எட்டேகால் வண்டியில் திரும்பிவிடுவார். இன்னொரு தடவை வரமாட்டார்.

வீட்டில் இது தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும் என்றும் சொல்ல முடியாது. மின்சாரக் கிடாருக்கு மின்சாரம் கொடுக்காவிட்டால் அது நரம்பு கட்டிய பலகை. வேதவதி மூன்று வருஷமாகக் கூடத்தில் உட்கார்ந்து தினம் இரண்டு மணி நேரம் சாதகம் செய்தாள். பக்கத்தில் யாராவது அப்பளம் நொறுக்கினால் அந்தச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். ரங்கம்மா இதைப் பற்றி ஒரே ஒரு முறை அபிப்பிராயம் சொன்னாள்: "சத்தம் வராத வரைக்கும் சரி."

ரங்கம்மா போன பிறகு அந்த வீட்டில் எல்லாமே சத்தம் வராமல்தான் நடந்தது.

அப்பா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார். அதில் 'மோர்' இரண்டு தடவை வரும். தம்பி சேஷு முதல் பத்து நாள் அழுதான்; கர்மம் செய்கிறவன் என்பதால் அது அவன் பொறுப்பில் சேர்ந்தது. வேதவதி, டிரங்க் காலுக்குப் புக் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பவளைப் போல, அழுகைக்காகக் காத்திருந்தாள். லைன் கிடைக்கவில்லை. பத்தாம் மாதம் கான்சல் செய்துவிட்டாள்.

*

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஈரப் புடவையோடு அடுப்பை மூட்டினாள். தளிகைச் சமையலுக்கு வருவதாக இருந்த மாமி, அதே திதிக்கு வேறு இரண்டு வீடு ஒப்புக்கொண்டிருந்தது கடைசி நேரத்தில் தெரிந்தது. அந்தத் திரயோதசியில் ஸ்ரீரங்கத்தில் நிறையப் பேர் பரமபதித்திருந்தார்கள்.

"எத்தனை மணிக்கு முடியும்?" என்று சேஷுவைக் கேட்டாள்.

"வாத்தியார் பன்னிரண்டுக்கு வரேன்னார்."

"வருவாரா?"

"நம்மாத்துக்கு மூணாவது நம்பர். முன்னாடி ரெண்டு ஆத்துக்குப் போகணும். பின்னாடி ஒண்ணு."

"மூணு மணிக்காவது விட்டுடுவாளா?"

சேஷு பதில் சொல்வதற்குள் அப்பா கிணற்றடியிலிருந்து வந்தார். அன்றைய பத்து வார்த்தையில் ஐந்தைச் செலவு செய்தார்.

"இன்னிக்கு இந்தாத்து மனுஷா காவிரியைத் தாண்டப்படாது."

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. வேஷ்டியைப் பிழிந்து கொடியில் உலர்த்திவிட்டுப் போனார்.

வேதவதி வாழைக்காயை நறுக்கினாள். இதற்கு வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தது. வாழைக்காய் கையில் பிசுக்கென்று ஒட்டியதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அதிரசம் தட்டும்போது எண்ணெய் தெறித்து இடது கை விரல்களில் விழுந்தது. கிடார் நரம்பு அழுத்தி அழுத்தி அந்த விரல் நுனிகள் செருப்புத் தோல் மாதிரி ஆகியிருந்தன. எண்ணெய் விழுந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

பன்னிரண்டு அடித்தது. ஒன்று அடித்தது. மந்திரம் சொல்லி வைக்கும் வாத்தியார் வரவில்லை. அம்மாவின் ஸ்தானத்தில் உட்கார வேண்டிய ஸ்வாமியும் வரவில்லை. முதல் வீட்டில் அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டார்களாம். சிராத்தத்தில் ஒரு பிராமணர் தேவர்களுக்காகச் சாப்பிடுவார், ஒருவர் இறந்துபோனவருக்காகச் சாப்பிடுவார். தேவர்களுடைய ஆள் பதினொன்றரைக்கே வந்து, தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத்தான் ஆள் இல்லை.

"போய் யாரையாவது அழைச்சுண்டு வா" என்றார் அப்பா. சேஷு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான்.

இரண்டு மணிக்கு ஒருவரோடு திரும்பினான். நாற்பத்தைந்து வயது, பெரிய தொந்தி, நெற்றி நிறையத் திருமண், கையில் குடை. பெயர் கஸ்தூரி. பொன்மலை ஒர்க்‌ஷாப் ஸ்டோர்ஸில் குமாஸ்தா. லீவு நாளில் சிராத்தத்துக்கு உட்காருவார்.

வேதவதி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். எங்கேயோ பார்த்த முகம். தொந்தியை வைத்து அடையாளம் தெரிந்தது. இன்ஸ்டிட்யூட்டில் சீட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பவர். போன கிறிஸ்துமஸ் நடனத்தன்று மேடைக்கு நேர் எதிரே சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாயைத் திறந்தபடி அவள் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

அவரும் நிமிர்ந்து பார்த்தார். குடை கையிலிருந்து மெதுவாகச் சரிந்தது.

"ஸ்வாமி, திருவடி அலம்பணும், இப்படி வாங்கோ" என்றார் அப்போதுதான் ஓடி வந்து சேர்ந்த வாத்தியார்.

*

இரண்டேகாலுக்கு இலை போட்டார்கள். பரிமாற வேறு பெண்பிள்ளை இல்லாததால் வேதவதியே பரிமாறினாள்.

சிராத்தத்துக்கு உட்கார்ந்தவர்கள் சாப்பிடும்போது பேசக் கூடாது. போதும் என்பதைக் கூடக் கையால்தான் காட்ட வேண்டும். கஸ்தூரி ஸ்வாமி பேசாமல் சாப்பிட்டார். ஆனால் அவருடைய கண் பேசியது. சாத்தமுது ரசம் ஊற்றும்போது அவள் கையைப் பார்த்தார். எள்ளுருண்டை வைக்கும்போது அவள் கையைப் பார்த்தார். ஒரு முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

இவர் வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது என்று வேதவதி நினைத்தாள். திறக்காவிட்டாலும் எல்லாம் முடிந்ததுதான் என்றும் நினைத்தாள். மணி மூன்றடிக்க ஐந்து நிமிஷம். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு இன்னும் கொஞ்சம் திருக்கண்ணமுதுப் பாயசம் விட்டாள். அவர் கையைக் காட்டி மறுத்தார்.

சாப்பாடு முடிந்தது. வாத்தியார் சேஷுவை இலைக்கு எதிரே நிற்க வைத்தார்.

"கையைக் கூப்பிக்கோ. இப்ப உங்க அம்மா எதிர்ல நிக்கறதா நினைச்சுக்கோ. இவா வாயால என்ன வரதோ அது உங்கம்மா வாக்கு. கேளு: த்ருப்தியா? ஏதாவது குறை உண்டா?"

"த்ருப்தியா? ஏதாவது குறை உண்டா?" என்றான் சேஷு.

இந்தக் கேள்விக்குப் பதில் 'பரம த்ருப்தி' என்பது ஸ்ரீரங்கம் முழுக்கத் தெரியும். உப்பில்லாத சாதத்துக்கும் அதே பதில்தான். ஆனால் கஸ்தூரி ஸ்வாமி பதினெட்டு வருஷமாக ஸ்டோர்ஸ் குமாஸ்தா. குறை உண்டா என்று கேட்டால், உள்ளதைச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

"த்ருப்தி" என்றார். ஏப்பம் விட்டார். "குறைன்னா ஒண்ணு உண்டு. பொண்ணு அஞ்சு மணிக்குப் பொன்மலை இன்ஸ்டிட்யூட்ல இருந்தாகணும். போர்டுல எழுதிப் போட்டிருக்கு. இன்னும் இங்கேயே நின்னுண்டிருக்கா."

வாத்தியாரின் வாய் அடுத்த மந்திரத்துக்குத் திறந்தபடி அப்படியே நின்றது. தேவர்களுடைய ஆள் ஒரு கண்ணைத் திறந்தார்.

கூடத்து மூலையில் நின்றிருந்த அப்பா மெதுவாக வந்தார். கஸ்தூரி ஸ்வாமியின் முகத்தைக் குனிந்து பார்த்தார். கடிதத்தில் கையெழுத்து யாருடையது என்று பார்க்கிறவர் மாதிரி வெகுநேரம் பார்த்தார்.

"அவளே சொல்றாளா?" என்று வாத்தியாரைக் கேட்டார்.

வாத்தியார் தர்மசங்கடத்தில் நெளிந்தார். "சாஸ்திரப்படி... இந்த ஸ்தானத்துல உக்காந்து சொன்னா... ஆமாம்னுதான் சொல்லணும்."

"அப்பா, ஆறு தாண்டப்படாதுன்னேளே?" என்றான் சேஷு. அவனுக்கு எப்போதும் தப்பான இடத்தில்தான் ஞாபக சக்தி வேலை செய்யும்.

"நான் சொன்னேன். இப்ப அவ சொல்றா" என்றார் அப்பா. வேதவதியின் பக்கம் திரும்பினார். "கிளம்பு."

அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, படுக்கை விரிப்பில் சுற்றிய கிடாரோடு வந்தாள்.

"அந்தப் பலகையுமா?" என்றார் அப்பா. கேட்டது அவளை அல்ல, கஸ்தூரி ஸ்வாமியை.

கஸ்தூரி ஸ்வாமி தலையை ஆட்டினார்.

பிண்டம் வைத்து முடிக்கும் வரை மட்டும் நின்றாள். அதற்குள் வாசலில் நாலாவது வீட்டு ஆள் வந்து சத்தம் போட்டான். வாத்தியார் எழுந்துவிட்டார்.

"உங்கம்மாவை அனுப்பி வைக்கிற மந்திரம் ஒண்ணுதான் பாக்கி, நாலே வரி. அங்கே இலை போட்டுட்டு உக்காந்திருக்கா. அரை மணியில வந்து சொல்லித் தரேன். ஸ்வாமி, அதுவரைக்கும் எழுந்துடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

வேதவதியும் ஓடினாள். மூன்றரை பஸ்.

*

இன்ஸ்டிட்யூட் ஹாலுக்குள் நுழைந்தபோது ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். டிரம்ஸ் வாசிக்கும் தைரியராஜ், ஒர்க்‌ஷாப் காக்கி நிஜாரோடு தரையில் குந்தி, பழைய வால்வு ரேடியோவைப் பிரித்துத் தான் செய்த ஒலிபெருக்கியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"வந்துட்டீங்களா! வேளாங்கண்ணிக்கு மொட்டை போடறேன்னு வேண்டிக்கிட்டேங்க."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். என் முடியை வச்சு யாரு திருப்தி ஆவாங்க?" என்றவன் அவள் கையைப் பார்த்தான். "என்னங்க, விரல் பூரா கொப்புளம்?"

"அதிரசம்."

"வலிக்கலையா?"

"இல்லை."

கம்பெனிக்காரர் முகம்மது கனி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை பேண்ட், கறுப்புக் கண்ணாடி, மடியில் தோல் பை. டோரீன் ஓர் ஆங்கிலப் பாட்டைப் பாடினாள். நன்றாகவே பாடினாள். கனி கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்.

"நல்லா இருக்கும்மா. இதையே பம்பாயில நூறு பேர் பாடறாங்க. சொந்தமா ஏதாச்சும் இருக்கா?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லத்தான் தைரியராஜ் எழுந்தான். வேதவதி வாசிக்க ஆரம்பித்தாள்.

அது கூடத்தில் மூன்று வருஷமாக அவள் பலகையில் வாசித்தது. யாரும் கேட்டதில்லை, சத்தத்தோடு அவளும் கேட்டதில்லை. மின்சாரம் ஏறியதும் அது அவள் நினைத்திருந்ததை விடக் கரடுமுரடாக இருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. சீட்டு மேஜைக்காரர்கள் சீட்டைக் கீழே வைத்தார்கள். தைரியராஜ் இரண்டு சுற்று விட்டுவிட்டு, ஓடுகிற பஸ்ஸில் தொற்றுகிறவன் மாதிரி வந்து சேர்ந்துகொண்டான். ஒரு கொப்புளம் உடைந்து நரம்பு வழுக்கியது. கை தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. வேதவதி ஒரு பக்கம் ஒதுங்கி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். உள்ளே விளக்கு அணைந்திருந்தது. ஆள் இருக்கிறார்களா என்று தெரியவில்லை.

முடிந்தது. கனி கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்குப் பேரு என்ன?"

"பேர் வைக்கலை."

"மெட்ராஸ்ல வச்சுக்கலாம். செவ்வாய்க்கிழமை பதிவு. நாலு பேரும் வாங்க. இந்தம்மா இல்லாம மூணு பேர் வந்தா நான் ரயில் செலவு தரமாட்டேன்." தோல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "கல்யாணம் ஆகாத பொண்ணு. எங்க முதலாளி பழைய காலத்து மனுஷர். அப்பா கையெழுத்து இல்லாம உள்ள விடமாட்டார். எட்டேகால் வண்டிக்கு ஜங்ஷன்ல நிப்பேன். கையெழுத்தோட தாள் வந்தா செவ்வாய்க்கிழமை உங்களது. வரலைன்னா அந்த நாளைப் பெங்களூர் பார்ட்டிக்குக் கொடுத்துடுவேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

"நினைக்கலை" என்றாள் வேதவதி. அது உண்மைதான். அவள் எதையுமே நினைக்கவில்லை.

*

தாளோடு வெளியே வந்தாள். வாசலில் சேஷு. சிராத்த வேஷ்டி, வெற்று மார்பில் ஒரு துண்டு, வியர்வையில் பாதி அழிந்த திருமண். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"நீயும் காவிரியைத் தாண்டிட்டியா?"

"அக்கா, உடனே வா. அப்பா அந்த ஸ்வாமியை எழுந்திருக்க விடமாட்டேங்கறார்."

"வாத்தியார் திரும்பி வரலையா?"

"வந்தார். அப்பா வாசல்லயே நிறுத்தி, நாளைக்கு வாங்கோன்னு அனுப்பிச்சுட்டார். அந்த நாலு வரியைச் சொன்னாத்தானே அம்மா போவா? சொல்ல விட்டாத்தானே! ஸ்வாமிக்கு எதிர்ல உக்காந்துண்டு ஒண்ணு மாத்தி ஒண்ணு கேட்டுண்டிருக்கார்."

"என்ன கேக்கறார்?"

"முதல்ல, மாவடு ஜாடி எங்கேன்னு கேட்டார். அவர், தெரியலை, பரண்ல பாருங்கோன்னார். பரண்ல இருந்துது. அதோட அப்பாவுக்கு நம்பிக்கை வந்துடுத்து."

"மாவடு ஜாடி எல்லாராத்துலயும் பரண்லதான்டா இருக்கும்."

"அதை நான் எப்படிச் சொல்றது? அப்புறம்..." சேஷு சைக்கிள் மணியைத் தடவினான். "ஆஸ்பத்திரியில அன்னிக்கு, சட்டை மாத்திண்டு வரேன்னு ஆத்துக்கு வந்தேனே, அதுக்குள்ள போயிட்டியே, கோபமான்னு கேட்டார்."

சாலையில் ஒர்க்‌ஷாப் ஷிப்டு முடிந்து ஆட்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் கடந்து போகும் வரை வேதவதி காத்திருந்தாள்.

"அவர் என்ன சொன்னார்?"

"இல்லைன்னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அப்பா அழறார் அக்கா. சத்தமா. எதிராத்து மாமி எட்டிப் பார்க்கறா. தேவர்களோட ஸ்வாமி தூங்கிட்டார். கஸ்தூரி ஸ்வாமி பாவம், கால் மரத்துப் போச்சுங்கறார், ஆனா எழுந்துக்க மாட்டேங்கறார். நீ வந்து சொல்லு. நீ சொன்னாத்தான் விடுவார்."

வேதவதி கையிலிருந்த தாளை நீட்டினாள். சேஷு படித்தான். இரண்டாவது முறை படித்தான்.

"எட்டேகாலுக்கா?"

"ம். அப்பா போடுவாரா?"

"அப்பா இப்ப எதையும் தானா தீர்மானம் பண்றதில்லை" என்றான் சேஷு. "எல்லாம் அம்மாவைக் கேட்டுத்தான்."

"அப்ப அந்த மந்திரம் சொல்றதுக்கு முன்னாடி கையெழுத்து வாங்கணும்."

"ஆமாம்."

"வாங்கினப்புறம் நானே அம்மாவை அனுப்பி வைக்கணும்."

சேஷு சைக்கிளைத் திருப்பினான். கிடாரைத் தைரியராஜிடம் கொடுத்துவிட்டு வந்து, கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். சைக்கிள் கிளம்பியது. ஜங்ஷன் தாண்டி, பாலக்கரை தாண்டி, சேஷு இறங்கு வெயிலில் முதுகு வளைய மிதித்தான்.

"நீ ஏதாவது கேட்டியா?" என்றாள் பின்னாலிருந்து.

"கேட்டேன்."

"என்ன?"

அவன் இன்னும் வேகமாக மிதித்தான். கொஞ்ச தூரம் போனதும், "நீ என்ன கேக்கப் போறே?" என்றான்.

காவிரிப் பாலம் வந்தது. காற்று ஈரமாக அடித்தது. ஒரு வருஷமாகக் கேட்க ஏதாவது இருந்ததா என்று வேதவதி யோசித்தாள். இருந்தது. ஒன்று அல்ல, வரிசையாக வந்துகொண்டே இருந்தது. எல்லாம் சின்னச் சின்னது. மாவடு ஜாடியை விடச் சின்னது. மணி ஆறரை தாண்டிவிட்டது.

"சேஷு, மெதுவா மிதி."

"எட்டேகாலுக்கு வண்டி அக்கா."

"தெரியும்டா. மெதுவா மிதி."